மறு: ‘டெட் வாட்டர்’ – இறந்த நீரா, கவ்வுநீரா?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் கலைச்சொல் பட்டியலில், கடலில் கப்பலைப் பிடித்து நிறுத்திவிடும் ‘டெட் வாட்டர்’ (dead water) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘இறந்த நீர்’ என்றே வைத்துவிடலாம். நேரான பெயர்ப்பு, குழப்பமில்லை.

குழப்பம் இருக்கிறது ஐயா. ‘இறந்த நீர்’ என்றால் மீன் செத்து மிதக்கும் தண்ணீர் என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். போதாததற்குச் சாக்கடல் வேறு இருக்கிறது. இங்கே தண்ணீருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடிக்கொண்டிருந்த கப்பல்தான் செத்தது போல் நின்றுபோகிறது.

1893 ஆகஸ்ட் கடைசியில், சைபீரியாவின் வடகரையோரம் நார்வே துருவப் பயணி நான்சென்னின் ‘ஃபிராம்’ கப்பல் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. அமைதியான கடலில் மணிக்கு 6, 7 கடல்மைல் போகக்கூடிய கப்பல், ஒன்றரை மைல்கூடத் தாண்டவில்லை. வளைத்துப் பார்த்தார்கள், வட்டமடித்துப் பார்த்தார்கள், பலனில்லை. நான்சென் விலங்கியல்காரர். நரம்பு மண்டலத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். பார்த்ததை விடாமல் குறித்துவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. மேலே மொண்ட தண்ணீர் குடிக்கும்படி இருந்தது. கப்பலின் அடியிலிருந்து எஞ்சின் அறைக் குழாய்வழி வந்ததோ கொதிகலனுக்கே ஆகாத உப்பு என்று எழுதியிருக்கிறார். விடையின் பாதி அதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதியில்தான் அவர் தவறினார். மேலே கிடக்கும் நன்னீர் அடுக்கையே கப்பல் தன்னோடு இழுத்துப்போகிறது என்று நினைத்தார். ஊர் திரும்பியபின் இயற்பியலாளர் பியெர்க்னெசிடம் கேட்டார். நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் இடத்தில் கப்பல் கண்ணுக்குத் தெரியாத அலைகளை எழுப்புகிறது, எஞ்சினின் வலு அதில் போய்விடுகிறது என்றார் அவர். அவருடைய மாணவர் ஏக்மன் தொட்டியில் பொம்மைக் கப்பலை இழுத்துக் காட்டி 1904இல் அதை வெளியிட்டார்.

நானும் போன ஞாயிறு மீன்தொட்டியில் செய்துபார்த்தேன். அடியில் நீல மை கலந்த உப்புநீர். அதன்மேல் ஒரு தட்டை மிதக்கவிட்டு மெதுவாக ஊற்றிய நல்ல தண்ணீர். மரப்படகில் கட்டிய நூலின் மறுமுனையில் ஒரு நாணயத்தைத் தொங்கவிட்டதும் படகு கிளம்பியது, பாதியில் தயங்கியது. மேற்பரப்பில் ஒரு சுருக்கம் இல்லை; படகுக்குப் பின்னால் அடியில் நீலம் மட்டும் திமில் போல் எழும்பியது.

> அப்படியானால் காரணத்தை வைத்தே ‘உள்ளலைத் தடை’ என்று சொல்லலாமே?

அது இயற்பியல்காரருக்கு வேண்டிய சொல். தனியாக அதையும் சேர்த்துக்கொள்வோம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் நான்சென் தன் காரணத்தை வைத்து ‘இழுபடு நீர்’ என்று பெயரிட்டிருந்தால் பத்தே ஆண்டில் பெயர் பொய்யாகியிருக்கும். அவர் நார்வே மாலுமிகள் முன்பே புழங்கிய சொல்லை அப்படியே விட்டார். அதனால்தான் ‘நான்சென் நீர்’ என்ற யோசனையும் எனக்கு ஒட்டவில்லை. சொல் அவருடையதல்ல, சிக்கியது மட்டும்தான் அவர்.

என் பரிந்துரை: கவ்வுநீர். ‘பிடிநீர்’ என்றுதான் முதலில் நினைத்தேன். நீர்ப்பிடிப்புப் பகுதி குறுக்கே வந்துவிட்டது. ‘தடைநீர்’ அணைக்கட்டை நினைவூட்டுகிறது. ‘கழிமுகத்தில் கப்பல் கவ்வுநீரில் சிக்கியது’ – வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இடறவில்லை.

இதே பட்டியலில் இன்னும் இரண்டு. 1922இல் நாடற்ற அகதிகளுக்காக வந்தது ‘நான்சென் கடவுச்சீட்டு’, அதில் சிக்கலில்லை. ‘நான்சென் புட்டி’தான் உறுத்துகிறது, பால்புட்டி போல. அது கம்பியில் கட்டிக் கடலுக்குள் இறக்கும் உலோகக் குழல். மேலிருந்து ஒரு எடையைக் கம்பிவழி நழுவவிட்டால் அது வந்து தட்டும், குழல் தலைகீழாகக் கவிழ்ந்து அந்த ஆழத்துத் தண்ணீரோடு மூடிக்கொள்ளும். ‘நான்சென் கவிழ்குப்பி’ என்று மாற்றலாமா? வியாழனுக்குள் சொல்லுங்கள், அன்று பட்டியலை ஏற்றுகிறேன்.