1984 புல்லட் 350: டைமிங் வைத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை, உதவுங்கள்

அப்பாவின் வண்டி, பாயின்ட் செட் (திறக்கும்போது பிளக்கில் பொறி விழவைக்கும் தொடுமுனைகள்). இன்ஜின் வேலை முடிந்து வந்ததிலிருந்து ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. பிளக்கில் பொறி நன்றாக வருகிறது, கார்புரேட்டர் சுத்தம், கண்டன்சர் புதியது. பாயின்ட் இடைவெளி 0.38 மி.மீ. இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில், பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது பாயின்ட் திறக்கும்படி, பாயின்ட் நடுவே சிகரெட் தாள் வைத்து, அது விடுபடும் இடத்தைப் பார்த்துத்தான் டைமிங் (பொறி விழும் நேரம்) வைத்தேன். ஆனாலும் கிக்கர் திருப்பி அடிக்கிறது, கணுக்காலுக்கே ஆபத்து. சில நேரம் கார்புரேட்டர் வழியாகவும் வெடிக்கிறது.

என் சந்தேகம் ஆட்டோ அட்வான்ஸ் மேல்தான்; இன்ஜின் வேகம் கூடும்போது எடைகள் விரிந்து பொறியை முன்கூட்டி விழவைக்கும் அமைப்பு அது. வண்டி நிற்கும்போது அதன் எடைகள் ஒழுங்காக ஒடுங்கியிருக்கின்றன. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் உதைக்கிற வேகத்திலேயே விரிந்து, பொறி முன்கூட்டியே விழுமா? அதைக் கழற்றாமல் சோதிக்க வழி உண்டா? நல்ல ஸ்பிரிங் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்குமா? எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற்ற மட்டும் சொல்லாதீர்கள், பாயின்ட்டிலேயே ஓட்ட ஆசை.