பழைய சொகுசு காரைத் தானமாகக் கொடுத்தவர்களின் அனுபவங்கள்

மேரிலாந்திலிருந்து:

என் மாமனாரின் 2008 மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் 550 காரை அண்மையில் ஒரு தொண்டு அமைப்புக்குக் கொடுத்தோம். கண் பார்வை குறைந்ததால் மாமா கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு ஒரே ஓர் ஆசை: "வேலைக்குப் போக வண்டி இல்லாத ஒரு குடும்பம் இதை ஓட்டட்டும்."

நல்ல ஆசைதான். மேரிலாந்தில் அதற்கு வழியும் இருக்கிறது. 1999இல் தொடங்கப்பட்ட 'வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச்' போன்ற அமைப்புகள் தானமாக வரும் கார்களைப் பழுதுபார்த்து, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கொடுக்கின்றன. சிறையிலிருந்து திரும்பியவர்களுக்கு மெக்கானிக் பயிற்சியும் அங்கே உண்டு. பேருந்து போகாத இடத்தில் வேலை கிடைத்தும் போக முடியாமல் தவிக்கும் தாய்மார்களுக்கு ஒரு கார் என்ன செய்யும் என்பதை அமெரிக்காவில் வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நாங்கள் பேசிப் பார்த்த ஓர் அமைப்பின் பெண்மணி ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "உங்கள் காரை எந்தக் குடும்பத்துக்கும் கொடுக்க மாட்டோம். ஏலத்தில் விற்போம்." மாமாவின் முகம் வாடிவிட்டது. காரணத்தைக் கேட்டதும் அவரே தலையசைத்தார். இந்தக் காருக்கு ஊற்ற வேண்டியது பிரீமியம் பெட்ரோல். சக்கரங்களுக்கு மேலே எஃகுச் சுருளுக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய சஸ்பென்ஷன். எங்கள் காரில் அந்த சஸ்பென்ஷனின் முன்பக்க இடது காற்றுப்பை கசிந்துகொண்டிருந்தது. இரவு நிறுத்தினால் காலையில் அந்த மூலை தாழ்ந்து நிற்கும். கசிவை ஈடுகட்ட, காற்றை நிரப்பும் கம்ப்ரெசர் ஓய்வில்லாமல் ஓடும். கவனிக்காவிட்டால் அதுவும் எரிந்துபோகும். ஒரு மூலையைச் சரிசெய்யும் செலவே ஏழைக் குடும்பத்தின் மாத வாடகையை விழுங்கிவிடும். அப்படிப்பட்ட காரைக் கொடுப்பது உதவியல்ல, சுமை. அவர்களுக்கு வேண்டியது கேம்ரி, கொரோலா, சிவிக். பென்ஸை விற்ற பணத்தில் அத்தகைய கார்களைப் பழுதுபார்ப்போம் என்றார் அந்தப் பெண்மணி.

உடனே மாமா கேட்ட கேள்விதான் இதில் முக்கியமானது: "விற்ற பணத்தில் உங்கள் கையில் எவ்வளவு சேரும்?" இதைக் கேட்காமல் யாரும் சாவியைக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வானொலியில் விளம்பரம் செய்யும் பல தொண்டு நிறுவனங்கள் கார்களைத் தாமே கையாளுவதில்லை. இடைநிலை நிறுவனம் ஒன்று இழுவை வண்டி அனுப்பி, ஏலம் விட்டு, தன் செலவையும் கட்டணத்தையும் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் அந்த மீதி எவ்வளவு என்பதைக் கேட்டால் நல்ல அமைப்பு தயங்காமல் பதில் சொல்லும். எங்களுக்குத் தெளிவான பதில் கிடைத்தது. மழுப்பிய இன்னோர் இடத்தை விட்டுவிட்டோம்.

வரி விஷயத்தில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. காரின் சந்தை மதிப்பைத் தாமே எழுதி, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் பழக்கம் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்துவிட்டது. 2005 முதல், 500 டாலருக்கு மேல் கழிக்க வேண்டுமானால், அமைப்பு அந்தக் காரை எவ்வளவுக்கு விற்றதோ அதுவே வரம்பு. அந்தத் தொகை 1098-சி என்ற படிவத்தில் வரும். அமைப்பு காரைத் தன் பணிக்கே கணிசமாகப் பயன்படுத்தினாலோ, பெரிய அளவில் சீரமைத்தாலோ, ஏழை ஒருவருக்குச் சந்தை விலையைவிட மிகக் குறைவாகக் கொடுத்தாலோ சந்தை மதிப்பையே காட்டலாம். எதுவானாலும் கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டு வரி கட்டுபவர்களுக்குத்தான் இந்தப் பயன். 2025ஆம் ஆண்டுக்குக் கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால், பட்டியலிடாமலே கிடைக்கும் நிலையான கழிவே 31,500 டாலர். அதைத் தாண்டாத பெரும்பாலோருக்கு, காரைக் கொடுத்ததால் வரியில் ஒரு டாலரும் குறையாது. எங்களுக்கும் குறையாது. மாமா அதைப் பொருட்படுத்தவில்லை.

மேரிலாந்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: எண் பலகைகளைக் கழற்றி மோட்டார் வாகனத் துறையிடம் திருப்பிக் கொடுத்த பிறகே காப்பீட்டை நிறுத்துங்கள். முந்தினால் அபராதம் வரும். சொகுசு கார் என்றால் அதன் நினைவகத்தில் உள்ள தொலைபேசிப் பட்டியல், வீட்டு முகவரி, கராஜ் கதவைத் திறக்கும் பொத்தானின் பதிவு எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். ஏலத்தில் வாங்குபவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது.

கலிஃபோர்னியா, ஃப்ரீமான்டிலிருந்து:

மேரிலாந்து நண்பர் சொன்னதோடு எங்கள் பக்கத்துச் செய்தியையும் சேர்க்கிறேன். நாங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் நேயர்களின் ஆதரவில் இயங்கும் கே.கியூ.இ.டி வானொலிக்கு எங்கள் லெக்சஸ் எல்எஸ் 430 காரைக் கொடுத்தோம். காலை நேரங்களில் அந்த வானொலிதான் எங்கள் வீட்டின் குரல். இங்கே எண் பலகை காரோடுதான் போகும். ஆகவே உரிமை மாற்ற அறிவிப்பை ஐந்து நாட்களுக்குள் மோட்டார் வாகனத் துறைக்கு அனுப்பிவிட வேண்டும். இழுவை வண்டி தெருமுனை திரும்பும் முன்பே என் மனைவி இணையத்தில் அதை முடித்துவிட்டார். சில வாரங்கள் கழித்துப் பாலச் சுங்கம் கட்டவில்லை என்று எங்களுக்குக் கடிதம் வந்தது. இங்குள்ள பாலங்களில் கேமராதான் எண் பலகையைப் பார்த்துக் கணக்கு எழுதுகிறது. அறிவிப்பின் நகலை அனுப்பினோம், பிரச்சினை தீர்ந்தது. அந்த நகல் இல்லாமல் இருந்திருந்தால் யாரோ ஓட்டிய காருக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். வாசலில் கொடுக்கும் ரசீதையும், காரின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் கையெழுத்திட்ட பக்கத்தின் புகைப்படத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.

டெக்சஸிலிருந்து:

எனக்கு வேறு கருத்து. கார் நன்றாக ஓடுகிறது என்றால் நீங்களே விற்றுப் பணத்தைக் கொடுங்கள். எங்கள் பிஎம்டபிள்யூவை அப்படித்தான் செய்தேன். விற்ற தொகை முழுவதையும் ஊரின் உணவு வங்கிக்குக் காசோலையாக எழுதினேன். இழுவைச் செலவோ ஏலக் கட்டணமோ இல்லை. ஒவ்வொரு டாலரும் அரிசியாகவும் பாலாகவும் போயிற்று.

மேரிலாந்திலிருந்து:

டெக்சஸ் நண்பர் சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். ஓடும் காருக்கு அதுவே சிறந்த வழி. 2026 முதல் அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: கழிவுகளைப் பட்டியலிடாதவர்களும் தம்பதியாகத் தாக்கல் செய்தால் 2,000 டாலர் வரை நன்கொடையைக் கழிக்கலாம். ஆனால் பணமாகக் கொடுத்தால் மட்டும்தான், காருக்குப் பொருந்தாது. எங்கள் காருக்கு அந்த வழி அடைத்திருந்தது. இங்கே பாதுகாப்புப் பரிசோதனைச் சான்று இல்லாமல் வாங்குபவர் முறையாகப் பதிவு செய்ய முடியாது. தாழ்ந்து நிற்கும் சஸ்பென்ஷனை வைத்துக்கொண்டு அந்தச் சான்றைப் பெற வழியில்லை. சரிசெய்யும் செலவோ காரின் விலையை நெருங்கியது.