போர் தண்ணிக்கு எந்த கீசர் தாங்கும்? மூணு வருஷத்துல ரெண்டு காயில் போயிடுச்சு

அம்மாபாளையம் மருமகள்

வணக்கம்ங்க. எங்க வீடு ஜாகீர் அம்மாபாளையத்துல. வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்துக்குப் பக்கம்னு சொன்னாலே எங்க போர் தண்ணி எப்படி இருக்கும்னு சேலத்துக்காரங்களுக்குப் புரிஞ்சுடும். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. எவர்சில்வர் குடத்துல ஒரு ராத்திரி வச்சா காலையில உள்ளே வெள்ளையா ஒரு வளையம் நிக்கும். குடிக்க, சமைக்க மட்டும் மாநகராட்சி நல்ல தண்ணி. மத்த எல்லாத்துக்கும் இந்த உப்புத் தண்ணிதான்.

வீட்ல நாலு பேர். அத்தைக்கு 78 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம். விடியக்காலம் அஞ்சு மணிக்கு வெந்நீர் ஊத்திக்கிட்டாத்தான் அன்னைக்கு அவங்களால எழுந்து நடமாட முடியும். அதுக்காகத்தான் கீழ் பாத்ரூம்ல 15 லிட்டர் கீசர் மாட்டினோம். ரெண்டாவது வருஷமே காயில் போச்சு, மாத்தினோம். போன வாரம் அதுவும் போச்சு. அத்தை உள்ளே குளிச்சுட்டு இருக்கும்போதே டப்புனு வீடு முழுக்க இருட்டு. மேலெல்லாம் சோப்போட, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு, "அம்மிணி, லைட்டப் போடு"ன்னு அவங்க கூப்பிட்ட குரல் எனக்கு இன்னும் காதுலயே இருக்கு. விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?

கீசரைக் கழட்டும்போது நானும் பக்கத்துல நின்னு பார்த்தேன். அடி மூடியைத் திறந்ததும் ஒரு சோப்பு டப்பா நிறைய வெள்ளைச் சில்லு கொட்டுச்சு. காயில் இருக்கறதே தெரியல. கட்டைவிரல் தடிமனுக்கு உப்பு கட்டி, சுண்ணாம்பு பூசின குச்சி மாதிரி இருந்துச்சு. ஸ்க்ரூ டிரைவரால தட்டினா அப்பளம் மாதிரி பாளம் பாளமா விழுது. உள்ளே காயில் ஒரு இடத்துல வெடிச்சு, கறுப்பா வாய் பிளந்திருந்துச்சு.

இப்ப ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கடையில "3 லிட்டர் இன்ஸ்டன்ட் வாங்குங்க, தண்ணி உள்ளே நிக்காது, உப்பு கட்டாது"ங்கறாங்க. இன்னொருத்தர் வீடு முழுக்க சாஃப்ட்னர் போடச் சொல்லி 45,000 ரூபாய் கேக்கறார். என் தம்பி சோலார் போடுங்கறான். வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், கரண்ட் கசிஞ்சா லைனைத் துண்டிக்கற ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் அடிக்கடி டிரிப் ஆகுதுன்னு அதை விட்டுட்டு லைனை நேரா கொடுத்துடலாம்னார். எனக்கு அது சரியா படல, வேண்டாம்னுட்டேன்.

இதே மாதிரி தண்ணியில வருஷக்கணக்கா கீசர் ஓட்டறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. இன்னொரு தடவை அத்தை இருட்டுல நிக்கக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேணும்.

கொண்டலாம்பட்டி தறி

அக்கா, சாஃப்ட்னர் பத்தி மட்டும் நான் சொல்றேன். எங்க வீட்ல போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. வேலை செய்யுது, அதுல குறை இல்ல. குழாயில வெள்ளை படியறது நின்னுடுச்சு, துணி மெத்துனு இருக்கு. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி யாரும் எங்ககிட்ட சொல்லாதது மூணு விஷயம்.

உள்ளே இருக்கற ரெசின் தண்ணியில இருந்து கால்சியம், மெக்னீசியத்தை வாங்கிக்கிட்டு சோடியத்தைத் தருது. அது நிறைஞ்சதும் உப்புக் கரைசல் விட்டுக் கழுவணும். எங்க தண்ணிக்கு மாசம் ஒரு 25 கிலோ மூட்டை உப்பு ஆகுது. மூட்டையைத் தூக்கி மாடிக்கு ஏத்த ஆள் வேணும்.

கழுவின தண்ணியை எங்கே விடறதுன்னு முதல்லயே யோசிச்சு வைங்க. நாங்க யோசிக்காம கொல்லைப்பக்கம் விட்டோம். எங்கம்மா வச்ச கறிவேப்பிலை மரம், பத்து வருஷ மரம், நாலே மாசத்துல நுனியில இருந்து கருகி வந்து மொத்தமா போயிடுச்சு. அது எனக்கு இன்னும் ஆறல.

மூணாவது, டி.டி.எஸ். மீட்டரைக் காட்டி விக்க வந்தா ஏமாந்துடாதீங்க. அந்த மீட்டர் தண்ணியில கரைஞ்சிருக்கற எல்லாத்தையும் சேர்த்துக் காட்டும், கால்சியம், மெக்னீசியத்தால வர்ற கடினத்தன்மையைத் (ஹார்ட்னஸ்) தனியா காட்டாது. சாஃப்ட்னர் போட்டாலும் டி.டி.எஸ். பெருசா குறையாது, ஒரு உப்பு போய் இன்னொரு உப்பு வருது, அவ்வளவுதான். ஹார்ட்னஸ் கிட்னு தனியா விக்குது, அதை வாங்கி நீங்களே பாருங்க. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்துல கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லைன்னா 600 வரைக்கும்னு இருக்கு. உங்க போர் எங்கே நிக்குதுன்னு தெரிஞ்சா பேச வசதியா இருக்கும்.

ஒரு பாத்ரூம் கீசருக்காக வீடு முழுக்க சாஃப்ட்னர் போடறது என் கணக்குல வேண்டாத செலவு.

வயரிங் 40 வருஷம்

அம்மா, முதல்ல அந்த டிரிப் விஷயம். அன்னைக்கு வீடு இருட்டாச்சுன்னு வருத்தப்படறீங்க. அந்த ஆர்.சி.சி.பி. விழலைன்னா என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்றேன். காயிலுக்கு மேல உப்பு கட்டினா சூடு தண்ணிக்குப் போகாது, காயிலுக்குள்ளேயே நிக்கும். காயிலோட மேல் உறை பழுத்து வெடிக்கும். வெடிச்ச இடத்துல கரண்ட் நேரா தண்ணிக்கு இறங்கும். அந்தத் தண்ணிதான் உங்க அத்தை மேல விழுந்துட்டு இருந்துச்சு. 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே விழற மாதிரி செஞ்ச பொருள் அது, விழுந்துச்சு, அவங்களைக் காப்பாத்துச்சு. அதை எடுத்துட்டு நேரா கொடுக்கறேன்னு சொன்ன ஆளை இனிமே வீட்டுக்குள்ள விடாதீங்க. நீங்க வேண்டாம்னு சொன்னது ரொம்ப சரி. இருட்டுக்குத்தான் பயம்னா கீசர் லைனுக்குத் தனியா ஒரு ஆர்.சி.சி.பி. போட்டு, பாத்ரூம் லைட்டை வேற லைன்ல வைக்கச் சொல்லுங்க. அப்புறம் கீசர் விழுந்தாலும் லைட் எரியும். எர்த் குழியையும் ஒருதடவை சோதிக்கச் சொல்லுங்க.

இப்ப கீசர். எந்த கம்பெனி வாங்கினாலும் உங்க போர் தண்ணி அதைத் தின்னுடும். இன்ஸ்டன்ட்ல உப்பு கட்டாதுங்கறது பொய். தண்ணி சூடாகற இடத்துல எல்லாம் கட்டும். அதுல பாத்திரம் சின்னது, இன்னும் சீக்கிரம் அடைக்கும். சூடு 60 டிகிரிக்கு மேல போகப் போக வேகமாவும் கட்டும். அதனால கீசரை மாத்தறதை விடுங்க, கீசருக்குக் கொடுக்கற தண்ணியை மாத்துங்க. மேட்டூர்ல இருந்து வர்ற நல்ல தண்ணியை அதுக்குக் கொடுங்க.

உடனே "குடிக்கிற தண்ணியில குளிக்கறதா"ன்னு கேப்பீங்க. கணக்குப் பாருங்க. ஒருத்தர் குளிக்க ரெண்டு வாளி, 40 லிட்டர்னு வச்சுக்கலாம். 40 டிகிரி சூடு போதும். போர் தண்ணி 27 டிகிரி, கீசர் தண்ணி 60 டிகிரின்னா, 40 லிட்டர்ல 16 லிட்டர்தான் கீசர்ல இருந்து வரணும். மீதி 24 லிட்டரை உங்க உப்புத் தண்ணியிலேயே விளாவிக்கலாம். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 64 லிட்டர். உங்க தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருதடவை தண்ணி விட்டாலும் 256 லிட்டர். 300 லிட்டர் தொட்டி ஒண்ணு மாடியில இருந்தா முடிஞ்சது. அதுவும் ஐப்பசியில இருந்து மாசி வரைக்கும்தான், சித்திரையில மேல்தொட்டித் தண்ணியே கை வைக்க முடியாம சுடும்.

செய்யும்போது சிலதை விட்டுடாதீங்க. புதுத் தொட்டியைப் பழைய தொட்டி மட்டத்துலயே வைங்க. ஒண்ணு உயரமா இருந்தா, மிக்சர் குழாய் இருக்கற இடத்துல ஒரு தொட்டித் தண்ணி இன்னொண்ணுக்கு ஏறிடும், உங்க நல்ல தண்ணியில உப்பு கலந்துடும். தனித்தனி குழாய்னா கவலை இல்ல. கீசருக்குள்ள தண்ணி போற வாயில ஒருவழி வால்வும் அழுத்தம் விடற வால்வும் சேர்ந்த மாதிரி ஒண்ணு வரும், அது கட்டாயம் வேணும். தொட்டி காலியானாலும் கீசருக்குள்ள இருக்கற தண்ணி திரும்பி இறங்காது, காயில் வெறும் வயித்துல எரியாது.

உள்ளே ஒரு அனோடு கம்பி இருக்கும். மெக்னீசியம். உங்க வீட்டுக்குப் பின்னாடி வெள்ளைக்கல்லுல இருக்கே, அதே மெக்னீசியம்தான். அது தான் கரைஞ்சு தொட்டியைத் துரு பிடிக்காம காக்கும். கரைஞ்சு முடிஞ்சா அடுத்து தொட்டி ஓட்டையாகும். வருஷம் ஒருதடவை கழட்டிப் பார்த்து மாத்திடுங்க, விலை பெருசு இல்ல. காயில்ல படிஞ்சதை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைச்ச தண்ணியில ஊறவச்சு எடுக்கணும். பாத்ரூம் கழுவற ஆசிட் ஊத்தாதீங்க.

சோலார் நல்லதுதான், அதுக்கும் போர் தண்ணியைக் கொடுத்தா இதே கதிதான். முதல்ல தொட்டியைப் போடுங்க.

நாகலூர் தோட்டம்

ஏற்காட்டுல இருந்து எழுதறேன். எங்களுக்கு உப்புப் பிரச்சினை கிடையாது, ஊத்துத் தண்ணி, சோப்பு போட்டா நுரை கழுவக் கழுவப் போகாது. ஆனா அந்த 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கதையில நான் மாட்டினேன், அதைச் சொல்லணும்.

சேலத்துல என் அக்கா வீட்ல நல்லா ஓடுதேன்னு பார்த்து அதே மாதிரி வாங்கி மேல கொண்டுவந்தேன். மார்கழியில குழாயைத் திறந்தா வெதுவெதுன்னுகூட வரல. கம்பெனிக்குப் போன் போட்டு சண்டை எல்லாம் போட்டேன். அப்புறம் ஒரு சார் கணக்குப் போட்டுக் காட்டினார். 3,000 வாட்ஸ், நிமிஷத்துக்கு 3 லிட்டர் ஓடினா, தண்ணியோட சூட்டை 14 டிகிரிதான் ஏத்த முடியும். கீழே 27 டிகிரில இருக்கற தண்ணி 41 ஆயிடும், குளிக்கலாம். எங்க ஊர்ல மார்கழி விடியல்ல குழாய்த் தண்ணி 14 டிகிரி. அது 28 ஆகும். அதுல எப்படிக் குளிக்கறது? மெஷின் மேல தப்பே இல்ல. வேணும்னா குழாயைச் சன்னமா திறந்து வாளி நிறையக் காத்துக்கிட்டு இருக்கணும்.

இப்ப 25 லிட்டர் கீசர் ஒண்ணு, கூடவே எங்க தாத்தா காலத்து செம்பு பாய்லர். காப்பிச் செடி கவாத்து பண்ண குச்சியும் சில்வர் ஓக் சுள்ளியும் போட்டா அரைமணியில தண்ணி தளதளங்கும். மழைக்காலத்துல மரம் விழுந்து ரெண்டு நாள் கரண்ட் இல்லைன்னா அதுதான் கைகொடுக்குது.

அக்கா, உங்க அத்தைக்கு முட்டி வலின்னு சொன்னீங்க. பாத்ரூம்ல செவுத்துல பிடிச்சுக்க ஒரு எவர்சில்வர் கம்பியும், உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் போட்டுடுங்க. கீசருக்கு முன்னாடி அதைச் செய்யுங்க. எங்க பாட்டி வழுக்கி விழுந்த அப்புறம்தான் நாங்க போட்டோம்.

அம்மாபாளையம் மருமகள்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மூணு வாரம் ஆச்சு, என்ன செஞ்சோம்னு எழுதறேன்.

முதல்ல கொண்டலாம்பட்டி தம்பி சொன்ன ஹார்ட்னஸ் கிட் வாங்கினேன். தண்ணியில மாத்திரை போட்டா சிவப்பாகுது, அது நீலமா மாறற வரைக்கும் சொட்டுச் சொட்டா விடணும், ஒரு சொட்டுக்கு 25. அத்தையும் திண்ணையில உட்கார்ந்து கூடவே எண்ணினாங்க. போர் தண்ணிக்கு 30 சொட்டு, அதாவது 750. நல்ல தண்ணிக்கு ஆறாவது சொட்டுலயே நீலமாயிடுச்சு, 150. அதைப் பார்த்த அப்புறம் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல.

செவ்வாய்ப்பேட்டையில 300 லிட்டர் தொட்டி வாங்கி, பழைய தொட்டிக்குப் பக்கத்துலயே அதே மட்டத்துல மேடை கட்டி வச்சாச்சு. நல்ல தண்ணி சம்ப்ல இருந்து அரை எச்.பி. மோட்டார் ஏத்துது. அங்கிருந்து கீசருக்கு மட்டும் தனி குழாய். வெந்நீர்க் குழாய் வேற, பச்சைத் தண்ணிக் குழாய் வேற, வாளியில விளாவிக்கறோம். கீசர் அதே பழையதுதான், காயிலும் அனோடும் மட்டும் புதுசு. அந்த எலக்ட்ரீஷியனை விட்டுட்டு வேற ஒருத்தரைக் கூப்பிட்டு, கீசர் லைனுக்குத் தனி ஆர்.சி.சி.பி. போட்டு லைட் லைனைப் பிரிச்சாச்சு. கம்பியும் ஸ்டூலும் முதல் நாளே வந்துடுச்சு. அத்தை ஸ்டூல் வேண்டாம்னாங்க, நாலாம் நாள்ல இருந்து அவங்களே இழுத்துப் போட்டு உட்கார்றாங்க.

ஒரே ஒரு சந்தேகம்ங்க ஐயா. நீங்க சொன்ன அந்த வால்வு, கீசர் ஓடும்போது சொட்டுச் சொட்டா வடியுது. பிளம்பர் எம்-சீல் வச்சு அடைச்சுடட்டுமான்னு கேக்கறார்.

வயரிங் 40 வருஷம்

அடைக்கவே கூடாதும்மா. தண்ணி சூடானா விரியும். ஒருவழி வால்வு இருக்கறதால அது பின்னாடி போக முடியாது, அந்த ஓட்டை வழியா நாலு சொட்டு வெளியே வந்து அழுத்தத்தைக் குறைக்குது. அதுதான் அதோட வேலை. பல வருஷத்துக்கு முன்னாடி அழகாபுரத்துல ஒரு வீட்ல, ஒழுகுதுன்னு யாரோ அந்த ஓட்டையில போல்ட்டை முறுக்கி அடைச்சிருந்தாங்க. சூடானதும் கரண்டை நிறுத்தற தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சு, தண்ணி கொதிச்சுக்கிட்டே இருந்திருக்கு. நான் போறப்ப கீசர் நடுவுல பானை மாதிரி உப்பி நின்னுச்சு. ஸ்விட்சை அணைச்சுட்டு, எல்லாரையும் வெளியே கூட்டிட்டு வந்து, ஆறற வரைக்கும் ரெண்டு மணி நேரம் தெருவுல நின்னோம்.

சொட்டற இடத்துல ஒரு சின்ன டியூப் மாட்டி கீழே வாளிக்கு இறக்கிடுங்க, டியூப் வாயைத் திறந்தே வைங்க. ஆனா கீசரை அணைச்சு ஆறின அப்புறமும் நிக்காம வடிஞ்சா வால்வுல தூசி சிக்கியிருக்குன்னு அர்த்தம், கழட்டிக் கழுவச் சொல்லுங்க. அடுத்த ஐப்பசியில அனோடைக் கழட்டும்போது எவ்வளவு மிச்சம் இருக்குன்னு இங்கேயே எழுதுங்க. 150 ஹார்ட்னஸ் இருக்கற தண்ணியில எவ்வளவு கரையுதுன்னு நானும் தெரிஞ்சுக்கணும்.