மேட்ச் ஊதப் போன கதை: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து அனுபவங்கள்

பென்னாகரத்துக்காரன்:

காலேஜ் வரைக்கும் கூடைப்பந்து ஆடினேன். முட்டி போனதும் ஆட்டம் நின்றது, கோர்ட்டை விட மட்டும் மனசு வரவில்லை. "ஆடத்தானே முடியாது, ஊதலாமே" என்றார் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பி.இ.டி. சார். நடுவரும் ஆட்டம் முழுக்க ஓட வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை.

விதிப்புத்தகம் படித்தேன், தேர்வு எழுதினேன். அதெல்லாம் பெரிய விஷயமில்லை. சிக்னல்தான் பாடு. முஷ்டியை மூடித் தூக்கினால் ஃபவுல் (ஆளை இடித்தது, அடித்தது), கையை விரித்துத் தூக்கினால் வயலேஷன் (மற்ற விதிமீறல்). வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒரு மாதம் பழகினேன். அம்மா பார்த்துவிட்டு, நான் யாரையோ அடிக்கக் கிளம்புவதாக நினைத்துக்கொண்டார்.

முதல் மேட்ச் தர்மபுரியில், 17 வயதுக்குட்பட்ட பையன்கள். மண் கோர்ட், சுண்ணாம்புக் கோடு. ஆட்டத்தின் நான்கு குவார்ட்டரில் மூன்றாவதுக்குள், வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி தரும் கோட்டில் பாதி, பையன்களின் ஷூவோடு போய்விட்டது. அப்புறம் 6.75 மீட்டரைக் கண்ணால்தான் அளந்தேன். குவார்ட்டர் 10 நிமிடம் என்பது விதி. பொழுது சாய்கிறது என்று அன்றைக்கு 8 ஆக்கிவிட்டார்கள். பந்து கிடைத்த அணி 24 விநாடிக்குள் கூடைக்கு எறிய வேண்டும், அதை எண்ணும் ஷாட் கிளாக் கிடையாது. ஸ்கோர் எழுதும் டேபிளில் ஒரு மாணவன் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். அவனும் பந்து போட்டதும் கை தட்டிவிட்டுத்தான் வாட்சைப் பார்ப்பான்.

கடைசி 40 விநாடி. ஒரு புள்ளி பின்தங்கிய அணியின் 9ஆம் நம்பர் பையன் உள்ளே வெட்டிப் புகுந்தான். மணிக்கட்டில் 'சட்'டென்று அடி விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. ஊதினேன். பந்து ரிங்கில் ஒரு சுற்று சுற்றிவிட்டு உள்ளே விழுந்தது.

பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுவதை முடித்துக் கையில் சேர்த்து, போடக் கிளம்பிய பிறகு அடி விழுந்திருந்தால் அது ஷூட்டிங் ஃபவுல். விழுந்த 2 புள்ளியும் செல்லும், மேலே ஒரு ஃப்ரீ த்ரோவும் (யாரும் தடுக்காமல் நின்று போடுவது) உண்டு. நான் இரண்டு கையையும் குறுக்கே வீசி, கூடை செல்லாது என்று காட்டிவிட்டேன். அந்தக் குவார்ட்டரில் எதிரணி மொத்தமாகச் செய்த ஃபவுலில் அது நான்காவதுதான், ஐந்தாவதிலிருந்துதான் ஃப்ரீ த்ரோ, அதனால் அதற்கும் வழியில்லை. வெளிக்கோட்டிலிருந்து பந்து மட்டும்.

மைதானமே எழுந்து நின்றது. கூட ஊதிய சீனியர் சார் பக்கத்தில் வந்து வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "பந்து கையில சேர்ந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டார். ஒருவர் கொடுத்த தீர்ப்பை இன்னொரு நடுவர் தள்ளிவைக்க விதியில் இடமில்லை. கேட்கலாம், அவ்வளவுதான். சேர்ந்ததை நான் பார்த்திருந்தேன். இத்தனை பேர் முன்னால் முதல் மேட்சிலேயே கையை மாற்றிக் காட்டுவதா என்று, "இல்ல சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த அணி ஒரு புள்ளியில் தோற்றது.

சாயங்காலம் பென்னாகரம் பஸ். ஏறிப் பார்த்தால் எனக்கு முன் சீட்டில் அதே 9ஆம் நம்பர், மடியில் பை. இறங்கி அடுத்த பஸ்ஸில் வரலாமா என்றுகூட யோசித்தேன். இண்டூர் தாண்டியதும் திரும்பினான்.

"சார், ரெண்டு கையும் வந்துடுச்சில்ல?"

"வந்துடுச்சுப்பா."

"அப்புறம் ஏன் சார்?"

"பயந்துட்டேன்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இறங்கும்போது "வர்றேன் சார்" என்றான், அதுவும் பழக்கத்தில் சொன்னதுதான். அடுத்த மாதம் இன்னொரு மேட்சில் அவனுக்கே ஊத நேர்ந்தது. ஒவ்வொரு முறை பந்தைச் சேர்க்கும்போதும் என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போட்டான். அதிலேயே இரண்டு முறை தவறவிட்டான், படுபாவி.

ஓசூர்க்காரி:

அண்ணா, நீங்களாவது பயந்ததாகச் சொல்லிவிட்டீர்கள். எனக்குக் கோர்ட்டுக்குள் போகவே பாதி நேரம் ஆகும். விசிலும் கழுத்துமாக நிற்பவளைப் பார்த்து, "ஸ்கோர் எழுதறவங்க அங்க உட்காரணும்மா" என்று டேபிளைக் காட்டுவார்கள். ஒருமுறை பெண்கள் மேட்சுக்கு 7ஆம் சைஸ் பந்தை எடுத்து வந்தார்கள். 6 வேண்டும் என்று திருப்பி அனுப்பினால், "பந்துதானேம்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார் ஒருவர். அது வரும் வரை நான் பந்தைத் தூக்கிப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கவே இல்லை.

எங்கள் ஊரில் இன்னொரு கூத்து. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் திட்டு வரும். ஒரு கோச் முதல் பாதி முழுக்க என்னைத் தெலுங்கில் வைதுகொண்டே இருந்தார். என் அம்மா வீட்டில் தெலுங்குதான் பேச்சு என்று அவருக்கு யார் சொல்வது? இடைவேளையில் பக்கத்தில் போய், "அண்ணா, தொண்டை காஞ்சிருக்கும், தண்ணி குடிங்க" என்று தெலுங்கிலேயே சொன்னேன். இரண்டாம் பாதியில் மனிதர் கன்னடத்துக்கு மாறிவிட்டார். எனக்கு அதுவும் தெரியும். நடத்தை சரியில்லை என்று டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தேன், எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. இன்னொன்று வாங்கினால் வெளியே போக வேண்டும் என்று தெரிந்ததும் அமைதியாக உட்கார்ந்துவிட்டார்.

ஊத்தங்கரை பி.இ.டி.:

தம்பி, தங்கச்சி, நீங்கள் இருவரும் விசில் சத்தமாவது கேட்ட ஆட்கள். நான் ஊதிய முதல் மேட்சில் விசிலே வேலை செய்யவில்லை. உள்ளே உருண்டை இருக்கிற பழைய விசில், கோடைப் புழுதி. ஒரு பையன் பந்தைத் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டே நடந்தான், தெளிவான டிராவலிங். முழு மூச்சையும் போட்டு ஊதினேன், 'புஸ்' என்றது. பையன் ஓடிப் போய்ப் பந்தைப் போட்டுவிட்டு வந்து, "சார், ஏதாவது சொன்னீங்களா?" என்றான்.

கனடாவில் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கூடைப்பந்து நடுவருக்கும் இதே கதிதான். முக்கியமான ஆட்டத்தில் விசில் அடைத்துக்கொண்டது. அந்தக் கடுப்பில் உருண்டையே இல்லாத விசிலைச் செய்ய வைத்தார். 1987இல் ஃபாக்ஸ் 40 வந்தது. அதில் இப்போது இரண்டு வைத்திருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் நாலைந்து மேட்சுக்கு டேபிளில் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட் எழுதுங்கள். ஒருவனுக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்ததை நடுவர் மறப்பார், டேபிள் மறக்கக் கூடாது. அங்கே உட்கார்ந்து பார்த்தால் நடுவர் எங்கே தடுமாறுகிறார் என்பதும் நன்றாகத் தெரியும்.

ஞாயிறு காலை எங்கள் பள்ளியில் பிராக்டிஸ் மேட்ச் இருக்கிறது. ஊதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வாருங்கள். விசில் இல்லையென்றால் என்னுடையது தருகிறேன், கழுவித்தான்.