வீட்டுக்காரர் ஜாஸ் சாக்ஸபோன், எனக்குக் கோவைக்கு டிரான்ஸ்ஃபர். போகலாமா?

செம்பூர்க்காரி:

மும்பையில் செம்பூர். கல்யாணமாகி ஒன்பது வருஷம், ஆறு வயதில் ஒரு பெண். நான் ஒரு அரசு வங்கியில் ஸ்கேல் 2 ஆபீசர், அவர் டெனர் சாக்ஸபோன் வாசிக்கிறவர், ஜாஸ். கத்ரி கோபால்நாத் மாதிரி சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதமா என்று யாரும் கேட்க வேண்டாம், எங்கள் பெரியப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். போன கொலுவுக்கு வந்தவர் "மாப்பிள்ளை, ஒரு கல்யாணி எடுத்து விடுங்கோளேன்" என்றார், இவரும் பாவம் ஆரம்பித்து பாதியில் எங்கேயோ ப்ளூஸுக்குள் போய்விட்டார்.

நான் பேங்கிலிருந்து வீட்டுக்கு வருகிற நேரம் அவர் சவுண்ட்செக்குக்குக் கிளம்புகிற நேரம். அவர் இரண்டு மணிக்கு வந்து படுப்பார், நான் காலை எட்டு மணி லோக்கலைப் பிடிக்க வேண்டும், அதனால் நாங்கள் பேசிக்கொள்வதில் பாதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற சீட்டில்தான் நடக்கிறது. டிசம்பர் 31 இரவு ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடச் சேர்ந்து இருந்ததில்லை, வருஷத்திலேயே நல்ல காசு அன்றைக்குத்தான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கல்யாணம், கம்பெனி ஷோ என்று ஓட்டம், மழை பிடித்துக்கொண்டால் போனே அடிக்காது. வாசித்த பணமும் இரண்டு மாதம் கழித்துத்தான் வரும். வாடகை, ஸ்கூல் ஃபீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் என் சம்பளம். இதெல்லாம் தெரிந்துதான் கட்டிக்கொண்டேன், புலம்பவில்லை.

இப்போது ஸ்கேல் 3 கிடைத்திருக்கிறது, போஸ்டிங் கோயம்புத்தூர். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ப்ரொமோஷனும் போச்சு. அவரிடம் சொன்னேன். "நீ போ, கண்டிப்பாகப் போ. ஆனால் நான் அங்கே வந்து யாரோடு வாசிப்பேன்?" என்றார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. ஜாஸ் தனியாக உட்கார்ந்து வாசிக்கிற சமாச்சாரம் இல்லை, பேஸ், டிரம்ஸ், பியானோ என்று நாலு பேர் கூடினால்தான் உண்டு என்று எனக்கும் தெரியும். ஒன்பது வருஷம் அவர் கடிகாரத்துக்குத்தான் வீடு ஓடியது. இந்தத் தடவை என் கடிகாரம் என்று கேட்டால் தப்பா?

நேர்மையாளன்:

இதைக் கல்யாணத்துக்கு முன்னால் யோசித்திருக்க வேண்டும். கோவைக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு கிளாஸ் எடுக்கச் சொல்லுங்கள், அதுதான் நிலையான வருமானம்.

பழைய ரெக்கார்டு:

சாக்ஸபோன்காரரைக் கீபோர்டு கிளாஸ் எடுக்கச் சொல்வது, தவில்காரரைப் பார்த்து வீணை சொல்லிக்கொடுங்கள் என்பது போல. விடுங்கள்.

சகோதரி, இந்தக் கதை ஜாஸ் அளவுக்கே பழசு. டிரம்பெட் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங் வருஷம் பூராவும் டூர், ஓட்டலே வீடு. மனைவி லூசில்தான் 1943-இல் நியூயார்க்கில் குவீன்ஸ் பக்கம் ஒரு வீட்டை வாங்கிப்போட்டார். டூர் முடிந்து வந்தவர் டாக்ஸிக்காரரிடம் விலாசத்தைக் கொடுத்தாராம், வாசலில் கொண்டுபோய் நிறுத்தியதும் இது தன் வீடுதான் என்று நம்பவே இல்லையாம். ஆனால் 1971-இல் இறக்கிறவரை அங்கேயேதான் இருந்தார், இப்போது அது மியூசியம். அப்புறம் ஜாஸ் பியானோக்காரர் தெலோனியஸ் மங்க். 1951-இல் போலீஸ் வழக்கில், கிளப்பில் வாசிப்பதற்கான அவருடைய அனுமதி கார்டைப் பறித்துவிட்டார்கள். அது இல்லாமல் நியூயார்க்கில் மது விற்கிற கிளப் எதிலும் வாசிக்க முடியாது. 1957 வரை இதே நிலைமை, அத்தனை வருஷமும் மனைவி நெல்லி வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார். 57-இல் நெல்லி உடம்பு முடியாமல் படுத்திருந்தபோது மங்க் அவர் பெயரை வைத்தே ஒரு இசை எழுதினார், மிக அழகான ஒன்று. இப்படிப்பட்ட பெண்கள் இல்லாவிட்டால் ஜாஸே இல்லை.

மாட்டுங்கா மாமி:

பழைய ரெக்கார்டு, எல்லாம் சரி, நெல்லிக்கு என்ன ஆசை இருந்தது என்று உங்கள் ரெக்கார்டில் எங்கேயாவது இருக்கிறதா? புருஷனைத் தாங்கினாள் என்று எழுதுவதோடு முடித்துவிடுகிறீர்கள்.

என் வீட்டுக்காரர் ஓட்டல் பேண்டுகளில் முப்பது வருஷம் டிரம்ஸ் வாசித்தவர். 1978-இல் இங்கே மும்பை ரங் பவனில் முதல் ஜாஸ் யாத்ரா விழா நடந்தபோது சாக்ஸபோன் மேதை சோனி ராலின்ஸை நான் நேரில் கேட்டிருக்கிறேன், அந்த ராத்திரியை எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் 1991-இல் சென்னையில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியை வேலை வந்தது, நான் போகவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை, நானேதான் வேண்டாம் என்றேன், அதனால் கோபித்துக்கொள்ளக்கூட ஆள் கிடையாது. நீ போ அம்மா. அவரை இழுத்துக்கொண்டு போகாதே, நாலு மாதத்தில் வீட்டுக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதையும் நீதான் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் போன் அடிக்காது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஜூலை, ஆகஸ்ட் அவர் கோவைக்கு வந்து இருக்கட்டும். குர்லா எக்ஸ்பிரஸ் உங்கள் செம்பூருக்குப் பக்கத்திலிருந்துதான் கிளம்புகிறது, ஒன்றரை நாள், சாதம் கட்டிக்கொண்டு ஏறினால் ஆயிற்று.

இன்னொன்று. அவர் பணத்தில் டிடிஎஸ் என்று வருமான வரியை முன்கூட்டியே பிடித்திருப்பார்கள், அவர் கட்ட வேண்டிய வரியைவிட அது அதிகமாக இருந்தால், ஒழுங்காக ரிட்டர்ன் போட்டால் மிச்சம் திரும்பி வரும். பேங்கில் இருக்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இனிமேல் அதை அவரே போடட்டும்.

பாட்டுக்காரி புருஷன்:

என் மனைவி ஜாஸ் பாடுகிறவர், பாந்த்ரா, லோயர் பரேல் பக்கம் ராத்திரி ப்ரோகிராம். நான் கடைசி மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்து "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்கிறார்கள். இதையே செய்கிற உங்களுக்கு யாராவது ஒரு தடவையாவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா?

ஒரு கேள்வி. குழந்தை யாரோடு? நீங்கள் வயதை மட்டும் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறவரிடம் ஆறு வயதுப் பெண்ணை விட முடியாது, உங்களோடுதான் வருவாள். அப்படியானால் அவர் "நீ போ" என்று சொன்னது இரண்டு பேரையும். அது அவருக்கு உறைத்ததா?

பழைய ரெக்கார்டு:

மாமி, குட்டு வாங்கிக்கொண்டேன்.

கோவையில் ஜாஸ் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கணவர், சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் 1967-இல் இறந்த பிறகு, ஜாஸ் பியானோவும் ஹார்ப்பும் வாசித்த ஆலிஸ் கோல்ட்ரேன் யாரைக் குருவாகப் பிடித்தார்? சுவாமி சச்சிதானந்தா, சொந்த ஊர் கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையம். 1971-இல் வந்த ஆலிஸின் ஆல்பத்தின் பெயரிலேயே அவர் இருக்கிறார். உங்கள் வீட்டுக்காரருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

செம்பூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று திங்கள், அவருக்கு வேலை இல்லாத நாள், இதை அப்படியே அவரைப் படிக்க வைத்தேன். கீபோர்டு கிளாஸுக்குச் சிரித்தார். செட்டிபாளையம் தெரியுமாம், நாலாயிரம் தடவை கேட்ட ஆல்பமாம், எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. குழந்தை பற்றிய கேள்விக்கு வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தார், ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

நான் ஜாயின் பண்ணப் போகிறேன், பாப்பா என்னோடு. இன்று காலையில் ஃப்ரிட்ஜில் ஒரு சீட்டு: ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 31 வரை கோவை, வேறு எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை என்று. அதற்குக் கீழே டிசம்பர் 31 என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். பக்கத்தில் நான் இன்னும் எதுவும் எழுதவில்லை.