புதுப்பிப்பு: சிட்சையின் (கடவுள் நம்மைத் திருத்தத் தரும் தண்டனையின்) நாட்களில் துதிப்பது எப்படி?

துன்பத்தில் துதிக்க வாய் வராதவர்களுக்கு வேதாகமத்தின் 13-ஆம் சங்கீதத்தை முந்தைய இழையில் சொல்லியிருந்தேன். அதன்பின் வந்த கேள்விகளைப் பார்த்தால், பலர் நேராக 5-ஆம் வசனத்துக்குத் தாவிவிடுகிறார்கள். துதி உதட்டோடு நின்றுபோவது அதனால்தான்.

இருப்பதே ஆறு வசனம். முதல் இரண்டில் தாவீது நான்கு முறை "எதுவரைக்கும்" என்று முறையிடுகிறார். அங்கே உங்கள் பாரத்தைப் பூசி மெழுகாமல், கடனென்றால் கடன், நோயென்றால் நோய் என்றே சொல்லுங்கள். 3, 4-இல் விண்ணப்பம். பிறகு 5, 6-இல்தான் நம்பிக்கையும் பாட்டும்.

இன்னொன்று: எல்லாத் துன்பமும் சிட்சை அல்ல, யோபு பட்ட துன்பத்தைப் பாவத்தின் தண்டனை என்று சொல்லி அவருடைய நண்பர்கள் சறுக்கியது இங்கேதான். சிட்சையே என்றாலும், அது தற்காலத்தில் துக்கமாகவே தோன்றும் என்று எபிரெயர் 12:11 ஒப்புக்கொள்கிறது. சிரித்த முகம் கட்டாயமில்லை.

6-ஆம் வசனம் வரை போக முடியாத நாளில் 88-ஆம் சங்கீதம் போதும். அது இருளிலேயே முடிகிறது.