வன்னியில் கைக்கு வரும் உதவிக் காசு: நாங்கள் நேரில் கண்டவை

களப்பணியில் இருந்தவர், கிளிநொச்சி:

வறிய குடும்பங்களுக்கு இலங்கை அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் அஸ்வெசும காசைப் பெறுபவர்கள் அதைக் குடித்தே அழிக்கிறார்கள் என்ற பேச்சைத் தேநீர்க் கடை வாங்குகளில் மட்டுமல்லாமல், பயனாளிகளின் பட்டியல் தயாராகும் மேசைகளிலும் கேட்டிருக்கிறேன். மீள்குடியேற்றக் காலத்திலிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல உதவித் திட்டங்களின் களப்பணியில் இருந்தவன் என்ற வகையில் நான் கண்டதை இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் கேள்விப்பட்டதை விட்டுவிட்டு, நேரில் கண்டதை எழுதினால் நல்லது.

2009 இன் இறுதியிலும் 2010 இலும் போரில் இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பிய குடும்பங்களுக்கு ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயம் தங்குமிடக் கொடுப்பனவாக 25,000 ரூபா வழங்கியது. 5,000 ரூபா உடனே கைக்கு வந்தது. மிகுதி 20,000 ரூபா வங்கிக் கணக்கில் வைப்பிலிடப்பட்டது. தகரமும் சீமெந்தும் வேறு வழிகளில் வந்துகொண்டிருந்தமையால், தங்குமிடத்துக்கென்று கொடுத்த அந்தக் காசு பலரது கையில் வேறு வேலைகளைச் செய்தது. முதலில் வாங்கப்பட்டது பழைய சைக்கிள். வேலைக்குப் போகவும், தண்ணீர் எடுக்கவும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடவும் ஒரே சைக்கிள்தான் வீட்டுக்கு வீடு ஓடியது. அடுத்ததாகக் கிணறு. ஆண்டுக்கணக்காகப் பாவிக்காமல் குப்பையும் சேறும் நிரம்பிக் கிடந்த கிணற்றை இறைப்பதற்கு மெசின் வாடகையும் மண்ணெண்ணெயும் வேண்டும்; அதற்குப் பல வீடுகள் சேர்ந்து காசு போட்டன.

அவற்றைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொரு செலவு. தருமபுரம் பக்கத்தில் ஒரு தாயார், வங்கியிலிருந்து எடுத்த காசில் பெரும்பகுதியைப் பஸ் கட்டணமாகவே செலவழித்திருந்தார். இறுதிக்கட்டப் போரின் பின்னர் பிரிந்துபோன மகனைத் தேடி வவுனியாவுக்கும், தடுப்பு முகாம் இருந்த பூசாவுக்கும், கொழும்புக்கும் அவர் போய்வந்த பற்றுச்சீட்டுகள் ஒரு பொலித்தீன் பைக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. எங்கள் கண்காணிப்புப் படிவத்தில் அது “ஏனைய செலவு” என்ற நிரலுக்குள் போனது. காசு வீணாகிவிட்டது என்று அந்த நிரலைப் பார்த்து எவரும் சொல்லக்கூடும். அந்த அம்மாவுக்கு அதைவிட அவசியமான செலவு அந்த ஆண்டில் வேறு எதுவும் இருக்கவில்லை.

2012 ஒக்டோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் இன்னொரு விதமானது. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா; வீட்டுக்காரரே நின்று கட்ட வேண்டும்; அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை முன்னேற முன்னேறத் தவணைக் காசு கணக்குக்கு வரும். வீடுகள் எழும்பியமைக்கு அந்த ஒழுங்கு ஒரு காரணம் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு கட்டத்தை முடித்துக் காட்டினால்தான் அடுத்த தவணை வரும் என்னும்போது, மணலும் மேசன் கூலியும் மாதத்துக்கு மாதம் ஏறிய அந்தக் காலத்தில், இடையில் விழுந்த துண்டை நிரப்புவதற்குத் தாலிக்கொடி அடகுக்குப் போனது. அடகு வைக்க எதுவும் இல்லாத வீடுகள், பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கும் குழுக்கடனுக்குப் போயின. வீடு கொடுத்த திட்டமே சிலருக்குக் கடனையும் கொடுத்தது என்று சொன்னால் கோபிப்பவர்கள் உண்டு, ஆயினும் நான் கண்டது அதுதான்.

சில்லறைக்கடை நடத்துபவர், ஒட்டுசுட்டான்:

ஐயா குறிப்பிட்ட குடிப்பழக்கக் கதைக்குக் கடைக்காரனாகிய என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. அது என் கடன் கொப்பி. கணக்குகளில் காசு விழுந்த செய்தி எனக்கு வங்கி மூலம் தெரிய வேண்டியதில்லை. அன்று பின்னேரமே கொப்பியைப் பார்க்க ஆட்கள் வந்துவிடுவார்கள். வருபவர்களில் அதிகமானோர் பெண்கள். “அண்ணை, இப்ப இதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த மாதத்தில போடுங்கோ” என்பார்கள். முழுக் கடனையும் ஒரே நாளில் முடிப்பவர்கள் குறைவு. முடிக்க இயலாமை மட்டும் அதற்குக் காரணமல்ல. மாதக் கடைசியில் காய்ச்சலோ சாவீடோ வந்தால் மறுபடியும் என்னிடம் வந்து நிற்கும் உரிமையை அவர்கள் அந்தப் பாதிக் கட்டணத்தால் காப்பாற்றிக்கொள்கிறார்கள். கடனைக் கட்டாதவருக்குக் கொப்பி மூடிவிடும் என்பதை என்னைவிட அவர்களே நன்றாக அறிவார்கள்.

வாங்கும் சாமான்களும் மாறுகின்றன. காசுக்கு முந்திய கிழமையில் கோதுமை மாவும், நூறு கிராம் பருப்பும், சிறிய பக்கெற் தேயிலையும் போகும். காசு வந்தபின் அரிசி மூடையாகப் போகும், பால்மா 400 கிராம் பெட்டியாகப் போகும், முட்டை போகும். 2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் கொரோனாவுக்காக வீட்டுக்கு 5,000 ரூபா கொடுத்தபோதும் இதையே கண்டேன். குடிப்பவர் குடிக்கத்தான் செய்கிறார். ஆனால் அவர் அஸ்வெசும வருவதற்கு முன்னும் குடித்தார். கசிப்பு (கள்ளச் சாராயம்) விற்பவரிடம் அவருக்கென்று ஒரு கடன் கொப்பி தனியாகவே இருக்கிறது. அந்த ஒருவரை வைத்து என் கொப்பியில் உள்ள அத்தனை பெண்களையும் எடைபோடுவது முறையல்ல.

ஆசிரியை, மல்லாவி:

பள்ளிக்கூடத்திலிருந்து பார்க்கும்போது தெரிவதை எழுதுகிறேன். அஸ்வெசுமவுக்கு முன்பிருந்த, 1995 இல் தொடங்கிய சமுர்த்தி உதவி, பெரிய குடும்பத்துக்கும் பல ஆண்டுகளாக 3,500 ரூபாவாகத்தான் இருந்தது. அதிலும் கட்டாயச் சேமிப்பு என்று ஒரு பகுதி கழிந்துபோகும். 2023 ஜூலை மாதக் கொடுப்பனவோடு தொடங்கிய அஸ்வெசும, ‘வறிய’ பிரிவினருக்கு 8,500 ரூபாவும் ‘மிக வறிய’ பிரிவினருக்கு 15,000 ரூபாவும் கொடுத்தது. 2025 ஜனவரியிலிருந்து அவை 10,000 ஆகவும் 17,500 ஆகவும் கூட்டப்பட்டன. தொகை பெருகியபோது அதைப் பயன்படுத்தும் முறையும் மாறியது என்பதே என் அவதானம்.

எங்கள் பிள்ளைகளின் தாய்மாரில் சிலர், அஸ்வெசும விழும் நாளையே சீட்டு நாளாக வைத்துக்கொண்டு, ஆளுக்கு 2,000 ரூபா போட்டுச் சீட்டுப் பிடிக்கிறார்கள். மாதம் ஒருவருக்கு முழுத்தொகையும் போகும். ஒருவர் அதில் மறியாடு வாங்கினார். இன்னொருவர் அடகில் கிடந்த தோட்டை மீட்டார். மற்றொருவர் காலபோகத்துக்கு விதை உழுந்து வாங்கி வைத்தார். அரசாங்கம் சிறிது சிறிதாகக் கொடுத்த காசை இவர்கள் மொத்தக் காசாக மாற்றிக்கொள்கிறார்கள். யாரும் அவர்களுக்கு நிதி முகாமைத்துவப் பயிற்சி கொடுக்கவில்லை. (அப்படியான பயிற்சி ஒன்றுக்கு அழைத்துத் தேநீரும் பணிசும் கொடுத்து அனுப்பிய ஒரு நிறுவனத்தின் கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். அங்கே சொல்லப்பட்ட எல்லாவற்றையும் வந்திருந்த பெண்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள்.)

பிள்ளைகளுக்கு 2025 இல் கிடைத்த 6,000 ரூபா கற்றல் உபகரண உதவி பற்றியும் சொல்ல வேண்டும். தவணை தொடங்கும்போது கொப்பியும் சப்பாத்தும் இல்லாமையால் வராமல் நிற்கும் பிள்ளைகள் எங்களிடம் உண்டு. அப்படிப்பட்ட வீடுகளுக்கு அது உரிய நேரத்து உதவி.

களப்பணியில் இருந்தவர், கிளிநொச்சி:

ரீச்சர் எழுதியதை வாசித்தபோது கென்யாவில் நடந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. கிவ் டிரெக்ட்லி என்ற நிறுவனம் அங்கே மேற்குப் பகுதிக் கிராமங்களில் வறிய குடும்பங்களுக்கு நிபந்தனையில்லாமல் காசு கொடுத்ததை ஹௌஷோஃபர், ஷாபிரோ என்ற இருவர் ஆராய்ந்து 2016 இல் வெளியிட்டனர். மாதம் மாதம் பெற்றவர்களிடம் சாப்பாட்டு நிலைமை கூடுதலாகத் திருந்தியது. ஒரே தடவையில் பெற்றவர்கள் தகரக் கூரை போன்ற நிலைத்து நிற்கும் பொருட்களில் கூடுதலாகப் போட்டார்கள். மதுவுக்கும் புகையிலைக்குமான செலவு கூடவில்லை. புல்லுக் கூரையைக் கழற்றித் தகரம் போட்ட அந்த மக்களை நான் கண்டதில்லை. ஆனால் கிடுகுக் கொட்டிலில் ஒவ்வோர் ஆண்டும் கூரை வேய்வதற்கு எவ்வளவு போகும் என்று அறிந்த எவருக்கும் அந்த முடிவு வியப்பைத் தராது. அங்கே காசு கொடுத்தவர் தீர்மானித்த வித்தியாசத்தை மல்லாவித் தாய்மார் சீட்டுப் பிடித்துத் தாங்களே தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புதிது.

பயனாளி, இரண்டு பிள்ளைகளின் தாய், துணுக்காய்:

என் கணக்கில் விழும் காசுக்கு ஊரே கணக்குப் பார்க்கிறது. ஆகையால் நானே எழுதிவிடுகிறேன். 10,000 ரூபாவில் கடைக் கடனுக்கு 4,000, சீட்டுக்கு 2,000, குழுக்கடனுக்கு 2,400, மின்சாரத்துக்கு 600. மிச்சம் 1,000 ரூபா, மகனைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் பஸ் காசு. வீட்டில் சாப்பிடுவது என் கூலிக் காசில். கச்சான் பிடுங்கும் காலத்தில் வேலை இருக்கிறது. மழை பிடித்தால் இல்லை.

குழுக்கடன் பற்றி ஒருவரும் சரியாக எழுதவில்லை. கணவர் இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கடனை வீட்டு வாசலில் வந்து தந்தார்கள். கிழமைக்குக் கிழமை வசூலுக்கும் வாசலுக்கே வந்தார்கள். ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால், அயலட்டைச் சனமே எதிரியாகும். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் 100,000 ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. என் கடன் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. அதை அடைக்க இன்னொரு கடன் எடுத்தேன். இப்போது வசூலிக்க வரும் தம்பிக்கு அஸ்வெசும விழும் திகதி என்னைவிட முந்தித் தெரியும். கடன் இல்லாமலிருந்தால் அந்த 2,400 ரூபாவை என்ன செய்வாய் என்று கேட்டால், முதலில் கூரையைத்தான் பார்ப்பேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். வரும் மாதம் சீட்டு எனக்கு விழுகிறது. இரண்டு ஆடு வாங்க விருப்பம். ஆடு வைத்திருந்தால் அடுத்த கணக்கெடுப்பில் என் பெயரை அஸ்வெசுமப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அபிவிருத்தி உத்தியோகத்தர், வவுனியா வடக்கு:

தங்கச்சியின் பயம் பலருக்கு இருக்கிறது. நெடுங்கேணிப் பக்கத்தில் ஒருவர் ஓட்டோவைத் தமையனின் பெயரில் வாங்கி ஓடுகிறார். இன்னொரு வீட்டில் மின்குமிழைக் கூட்டினால் கட்டணப் பட்டியல் காட்டிக் கொடுக்கும் என்று பிள்ளைகள் இன்னும் ஒரே குமிழின் கீழ் படிக்கிறார்கள். உதவிக் காசு கிடைப்பதற்காகவே முன்னேறாமல் நிற்பது போன்ற இந்த நிலை, என் பார்வையில், குடிப்பழக்கம் பற்றிய பேச்சைவிடக் கவனிக்க வேண்டிய விடயம்.

அஸ்வெசும தெரிவு, கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளியிட்டுத்தான் நடக்கிறது. ஆகவே இரண்டு ஆடுகள் மட்டும் உங்கள் பெயரை வெளியே தள்ளிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் கேட்டால் மறைக்காதீர்கள். பட்டியல் காட்சிக்கு வரும்போது அயலவர் ஆட்சேபனை கொடுக்கலாம்; இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதுபவரும் உண்டு, இருப்பதைப் பெருப்பித்து எழுதுபவரும் உண்டு. மகனின் கிளினிக் கொப்பியையும், குழுக்கடன் கட்டும் அட்டையையும் பிரதி எடுத்து வைத்திருங்கள். பெயர் விடுபட்டால் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு செய்யும்போது அவை உதவும். ஆட்டை மழைக்காலம் முடிந்தபின் வாங்குவது நல்லது. மாரியில் குட்டிகளுக்குக் கழிச்சல் வந்தால் சீட்டுக் காசு முழுவதும் மருந்துக்குப் போய்விடும்.